ஐஸ் கொண்டுவருகிறவர்

ஜூலையில் எங்கள் சபைக்கு இருபத்தொரு பேர்.
ஐம்பத்தெட்டுக் கதிரைகளையும் பழக்கத்தில் போட்டுவிட்டு
மூன்று வரிசையை மடித்து மறுபடி சுவரில் சாத்துகிறேன்.
கோயில் வாடகைக்கு. ஜேர்மன்காரருடையது.
ஞாயிறு இரண்டரைக்கு எங்களுக்குத் தருவார்கள்,
அவர்களுடைய கோப்பி மணம் போகுமுன்னே.

வின்னிப்பெக்கில் கோடை பத்து வாரம்.
இரண்டு மழைக்கு, மூன்று நுளம்புக்கு.
மிச்சம் ஐந்தை ஆண்டவருக்குக் கொடு என்று
யாரிடம் கேட்பது?
திலகமணி வீட்டார் ரொறொன்ரோவில், கல்யாணம்.
நேசராஜாவின் பெடியளுக்கு உதைபந்து.
புதிதாய் வந்த மாணவர் மூவருக்கும்
ஞாயிறென்றால் ஒன்றரை மடங்கு சம்பளம்.

போதகர் சொன்னார்: பதிவேட்டைத் திறவுங்கோ,
இரண்டு வருஷம் வராத ஆக்களுக்குக் கோடு போடுங்கோ.
செயலாளர் நான்.
சிவப்புப் பேனையும் என்னிடம்தான்.

முப்பத்தொன்று: எட்வின் சுகிர்தன்.
மனைவியின் அடக்க ஆராதனைக்குப் பிறகு
அந்தப் படிகளில் அவர் ஏறவில்லை. மூன்று வருஷம்.
போன் எடுத்தேன்.
"கோட்டைப் போடு தங்கச்சி, எனக்கொன்றுமில்லை."
கொஞ்சம் மௌனம். பின்னால் தண்ணீர்க்குழாய் ஓடும் சத்தம்.
"பிக்னிக் எப்ப?"

பேர்ட்ஸ் ஹில் பூங்கா, ஓகஸ்ட் முதல் சனி.
வானைப் பின்பக்கமாய்க் கொண்டுவந்து நிறுத்தி
பன்னிரண்டு மூட்டை ஐஸைத் தோளில் சுமந்து இறக்கினார்.
யாரையும் தொடவிடவில்லை.
சோடாவைப் புதைத்தார், மீனைப் புதைத்தார்,
பிள்ளைகள் கழுத்துக்குள் போட ஒரு வாளி தனியே வைத்தார்.
பிறகு வானுக்குள் போய்
கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஜெபம் தொடங்கியது.
எருசலேமுக்குப் போனது, ஒட்டாவாவுக்குப் போனது,
வேலையில்லாதோர், விசா இல்லாதோர்,
அடுப்பில் கருகிக்கொண்டிருந்த கோழிக்கு இன்னும் வரவில்லை.
வானுக்குள்ளிருந்து ஒரு குரல்:
"போதகர், ஐஸ் கரையுது!"

அவ்வளவு சத்தமாய் நாங்கள் ஒருநாளும்
ஆமென் சொன்னதில்லை.

அங்கம் என்றால் கை, கால்.
அங்கத்தவர் என்று எழுதும்போது எனக்கு அது நினைவில் வராது,
படிவம்தான் வரும்: ஞானஸ்நானத் தேதி, கையொப்பம், சந்தா.
நெடுநேரம் முழங்காலில் நின்றால்
என் இடதுகால் மரத்துப்போகும்.
அதற்காக வெட்டுவேனா?
கிள்ளிப் பார்ப்பேன், உதறுவேன்,
எறும்பூர எறும்பூர அது திரும்பிவரும்வரை
கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இப்படிப் பெரிதாய்ப் பேசுகிறவள்
இன்னொன்றும் சொல்ல வேண்டும்.

நாற்பத்தேழு: நான்.
போன கோடையில் நாலு ஞாயிறு
கிராண்ட் பீச்சில், காலை மணலுக்குள் புதைத்து,
அவித்த சோளத்தைக் கடித்தபடி
யாருக்கும் அக்காவாக, செயலாளராக இல்லாமல் கிடந்தேன்.
நாலுக்கும் எனக்கு நானே வரவு போட்டேன், நீல மையில்.
ஒருவரும் கேட்கவில்லை.
அந்த நாலு நாளும் கதிரை போட்டது யார் என்று
நானும் கேட்கவில்லை.

மாலை எட்டுக்கும் வெயில் தலைக்குமேல்.
மிஞ்சிய ஐஸ்தண்ணீரை
ஒரு மரத்தடியில் ஊற்றினார் எட்வின்.
"நாளைக்கு வருவீங்களோ?"
"நாளைக்கு ஐஸ் தேவையில்லையே" என்றார்.
பகிடியா, கோபமா, தெரியவில்லை.
வான் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது.

இரவு சமையலறை மேசையில் பதிவேடு.
முப்பத்தொன்றுக்கு நேரே கோடும் இல்லை, வரவும் இல்லை.
பென்சிலால் "ஐஸ்" என்று எழுதினேன்.
போதகர் கேட்டால், பன்னிரண்டு மூட்டை என்பேன்.

பிறகு நாற்பத்தேழின் நாலு நீலச் சரிகளையும்
ரப்பரால் தேய்த்தேன்.
மை போகவில்லை, தாள் போனது.
ஓட்டைக்குள்ளால்
அடுத்த பக்கத்திலிருந்து
யாருடையவோ பெயரின் பாதி தெரிகிறது.